நாகசாகியின் நடுகல்

இறந்தோரை மறவாமை தமிழர் வாழ்வில் ஓர் அறமாகவே போற்றப்பட்டு வந்துள்ளது. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்திய திருவள்ளுவர் தென்புலத்தாரை முதலில் வைத்தார். போர்க்களத்தில் வீழ்ந்த மறவனுக்குக் கல்நடும் முறையை, கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக, ஆறு நிலைகளாகப் பகுத்துக் கூறியது தொல்காப்பியம். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டக் காதைகளின் பெயர்களும் அந்நிலைகளைத் தழுவியே அமைந்தன. மாண்டவரின் பெயரையும் செயலையும் பின்வருவோர் அறிதல் வேண்டும் என்னும் வேட்கையே இவ்வழக்கத்திற்கு வேராகும்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கல்லின் இடத்தை நிழற்படம் பெற்றது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தமிழர் இல்லங்களில், சட்டமிடப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று மாலையுடன் விளங்கும் முன்னோர் படங்களைக் காணாதார் இலர். திதி நாளில் விளக்கேற்றப்படுவதும், படையல் இடப்படுவதும் அப்படத்தின் முன்னிலையில்தான். ஒருவருக்கு ஒரு படம், அதனைப் பேண ஒரு குடும்பம் என்பது இவ்வழக்கின் ஒழுங்கு.

ஆனால், ஒரு நகரத்தின் பெரும்பகுதி ஒரு நண்பகலுக்குள் அழிந்துவிட்டால் என் செய்வது? படமும் எரிந்து, படத்தைப் பேண வேண்டிய குடும்பமும் எரிந்து போயின், யார் யாரை நினைவுகூர்வது? 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் நாகசாகி நகரத்தில் நடந்து சென்ற ஒரு படப்பிடிப்பாளரின் வரலாறு இவ்வினாக்களுக்கு ஒருவாறு விடை தருகின்றது. யோசுக்கே யாமஹாத்தா என்னும் அந்த ஜப்பானியர் பிறந்த ஊர் சிங்கப்பூர் என்பது தென்கிழக்காசியத் தமிழர் கருதத்தக்க செய்தியாகும்.

சிங்கப்பூரில் தொடக்கம்

யாமஹாத்தா 1917ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஷோக்யொக்கு யாமஹாத்தா அங்கே நிழற்படத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். அக்காலத்தில் சிங்கப்பூர் மிடில் ரோடு வட்டாரத்தில் ஜப்பானியக் கடைகளும் குடியிருப்புகளும் நிறைந்திருந்தன. மலாயாவின் பல நகரங்களில் ஜப்பானியர் படப்பிடிப்பு நிலையங்களை நடத்தி வந்தனர். திருமணக் கோலமும், பிள்ளையின் முதற்பிறந்தநாளும், தாயகத்திற்கு அனுப்பவேண்டிய குடும்பப் படமும் எனப் பல இன மக்களின் இன்ப நிகழ்ச்சிகளை அத்தகைய நிலையங்கள் பதிவு செய்தன.

1925ஆம் ஆண்டில், எட்டாம் அகவையில், யாமஹாத்தா தோக்கியோவிற்குச் சென்றார். ஹோசெய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாரெனினும் படிப்பை நிறைவு செய்யவில்லை. 1936இல் அதனை விடுத்துத் தந்தையார் நடத்திய நிழற்பட நிறுவனத்தில் பணிபுரியத் தொடங்கினார். தச்சன் மகன் உளியை எடுப்பதுபோல் அவர் கருவியைக் கையில் எடுத்தார்.

காலம் அவரை அமைதியாகத் தொழில் செய்ய விடவில்லை. 1940 முதல் அவர் படைத்துறைப் படப்பிடிப்பாளராகச் சீனாவிலும் பிற ஆசியப் பகுதிகளிலும் பணியாற்றினார். படைத்துறைப் படப்பிடிப்பாளரின் கடமை என்ன? தம் நாட்டுப் படையின் வெற்றியை அழகுறக் காட்டுதல். வென்ற நாடுகளின் துயரத்தை மறைத்தல். இக்கடமையை ஏற்ற ஒருவராகவே அவர் 1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் கியூஷூ தீவின் ஹக்காத்தா நகரில், மேற்குப் படைத் தலைமையகத்தின் செய்திப் பிரிவில் இருந்தார். இவ்வுண்மையை ஒளித்துவிட்டு அவர் வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது.

ஒரு பகற்பொழுது

1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவின்மீது முதல் அணுகுண்டு வீசப்பட்டது. அன்று யாமஹாத்தாவிற்கு இருபத்தெட்டு அகவை நிறைந்தது. மூன்று நாள் கழித்து இரண்டாம் குண்டை ஏந்திய அமெரிக்க வானூர்தி கொக்குரா நகரை நோக்கி வந்தது. அங்கே இலக்குத் தெளிவாகத் தென்படாமையால் அது நாகசாகிக்குத் திரும்பியது. முற்பகல் 11 மணி 2 நிமிடத்திற்கு உராக்காமிப் பள்ளத்தாக்கின்மேல், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் ஏறத்தாழ 74,000 பேர் என நாகசாகி நகராட்சி கணக்கிட்டுள்ளது. மேகம் ஒரு நகரைக் காத்தது. அதே மேகம் வேறொரு நகரை அழிவிற்கு ஆளாக்கியது.

நாகசாகியின் நிலையைப் படமெடுத்து வருமாறு யாமஹாத்தாவிற்கு ஆணை பிறந்தது. எழுத்தாளர் ஜுன் ஹிகாஷியும் ஓவியர் எய்ஜி யாமடாவும் உடன் சென்றனர். ஒருவர் எழுத, ஒருவர் வரைய, ஒருவர் படமெடுக்க வேண்டும். பகைவரின் கொடுமையைக் காட்டி மக்களின் போர் வெறியைத் தூண்டுவதற்கு அவை பயன்படவேண்டும் என்பதே தலைமையகத்தின் நோக்கம். வழக்கத்தைவிடப் பன்மடங்கு நேரம் எடுத்துக்கொண்ட தொடர்வண்டிப் பயணத்திற்குப் பின், ஆகஸ்டு 10 விடியற்காலை மூன்று மணியளவில் அவர்கள் நகருக்கு வடக்கேயுள்ள மிச்சினோ நிலையத்தை அடைந்தனர்.

அங்கிருந்து இருளில் நடை தொடங்கிற்று. வெப்பக் காற்று வீசியது. ஆங்காங்கே சிறு தீ எரிந்துகொண்டிருந்தது. ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்தபோது கீழே நெருப்புத் துளிகளும் மேலே தெளிந்த வானத்து விண்மீன்களும் தெரிந்தன என யாமஹாத்தா பின்னாளில் எழுதினார். விடிந்தபின் அவர் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் திரும்பி நடந்து, கண்டவற்றைப் படமெடுத்தார். பிற்பகல் முதிர்ந்த வேளையில் மிச்சினோவிற்கு அருகிலிருந்த மருத்துவ உதவி நிலையத்தில் அவர் பணி முடிந்தது. ஏறத்தாழ நூறு படங்கள் பதிவாயின. குண்டு வீச்சிற்கு மறுநாளே ஒரு நகரின் நிலையை இவ்வளவு விரிவாகக் காட்டும் படத்தொகுதி இரு நகரங்களுள் எதற்கும் வேறொன்றில்லை.

ஹிரோஷிமாவில் அந்நாளில் எடுக்கப்பெற்று எஞ்சிய படங்கள் மிகச் சில. செய்தித்தாள் படப்பிடிப்பாளரான யோஷித்தோ மத்சுஷிகே மியூக்கி பாலத்தருகே வெந்த உடலுடன் தவித்த மாணவரைக் கண்டு நெடுநேரம் கருவியைத் தூக்க இயலாமல் நின்றார். பின்னர் எடுத்தவற்றையும் சேர்த்து, அன்று அவர் பதிவு செய்தவை ஐந்தே படங்கள். கண்ணீரால் பார்வை மறைந்தது என்று 2005இல் தாம் மறையும் வரை அவர் சான்று கூறி வந்தார். ஒருவர் கண்ணீரால் தடைப்பட்டார். மற்றொருவர் தடையின்றி நூறு படம் எடுத்தார். இவ்வேறுபாடு யாமஹாத்தாவின் நெஞ்சைப் பிற்காலத்தில் உறுத்தியது.

படங்களில் இருப்போர்

அப்படங்களில் தனி மனிதரும் குடும்பங்களுமே மிகுதி. குண்டு வீச்சிற்குக் காப்பாக அணியும் பஞ்சுத் தலைமூடியுடன், முகத்தில் காயத்தோடு, கையில் ஒரு சோற்று உருண்டையைப் பிடித்தபடி நிற்கும் சிறுவன். அருகே அவ்வாறே உருண்டை ஏந்திய தாய். மருத்துவ உதவிக்குக் காத்திருக்கையில் குழந்தைக்குப் பாலூட்டும் இன்னொரு தாய். இடிபாடுகளிடையே கருகிக் கிடக்கும் ஒரு சிறுவனின் உடல்.

பசித்த பிள்ளைக்குச் சோறு பிசைந்து உருட்டித் தரும் தாயின் கையை அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? அச்சிறுவன் கையிலிருந்த உருண்டையோ துயர் துடைப்புப் பணியாளர் பகிர்ந்தளித்தது. அதனை அவன் வாயருகே கொண்டு செல்லவில்லை, வெறுமனே பிடித்திருக்கின்றான். அவன் பார்வை கருவியை நோக்கி இருக்கின்றது. போரின் பொருள் யாதென வினவும் மாணவனுக்கு அப்படம் ஒன்றே போதிய பாடமாகும்.

மறைக்கப்பட்டவையும் வெளிப்பட்டவையும்

எடுத்த படங்களைத் தலைமையகம் எதிர்பார்த்தவாறு பரப்புரைக்குப் பயன்படுத்துமுன் போர் ஓய்ந்தது. ஆகஸ்டு 15இல் ஜப்பான் பேரரசரின் சரணாகதி அறிவிப்பு வெளிவந்தது. போரை நீட்டிக்கும் இறுதி முயற்சிக்குத் தம் படங்கள் துணைபோகாமல் தப்பியதைப் பிற்காலத்தில் யாமஹாத்தா பெரும் பேறாகக் கருதினார். சில படங்கள் ஆகஸ்டு 21ஆம் நாள் மைனிச்சி நாளிதழில் இடம்பெற்றன. பின்னர், நாட்டை ஆளவந்த நேச நாட்டுப் படையினர் அணுகுண்டின் விளைவுகளைக் காட்டும் செய்திகளையும் படங்களையும் தணிக்கை செய்தனர். படச்சுருள்களோ யாமஹாத்தாவிடம் காக்கப்பட்டிருந்தன.

1952இல் ஜப்பான் தன்னாட்சி பெற்றபின் தணிக்கை நீங்கியது. அவ்வாண்டே அப்படங்கள் நூலாக வெளிவந்தன. அமெரிக்காவின் லைஃப் இதழும் செப்டம்பர் 29ஆம் நாளிட்ட இதழில் சிலவற்றை வெளியிட்டது. 1955இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் மனிதக் குடும்பம் என்னும் பொருள்படும் தலைப்பில் 68 நாடுகளைச் சார்ந்த 503 படங்களைக் கொண்டு ஒரு கண்காட்சி அமைத்தார். காதல், பிறப்பு, உழைப்பு, இறப்பு என மாந்தர் வாழ்வைக் காட்டிய அக்காட்சியில் சோற்று உருண்டைச் சிறுவனும் ஓர் உறுப்பினன் ஆனான். அடுத்த ஆண்டு அக்கண்காட்சி தோக்கியோவிற்கு வந்தது. அதனைக் காணப் பேரரசர் வந்தபோது யாமஹாத்தாவின் நாகசாகிப் படங்கள் திரையிட்டு மறைக்கப்பட்டன. வென்றவர் ஒருமுறை மறைத்தனர். தோற்றவரும் ஒருமுறை மறைத்தனர். உண்மையைக் காண அஞ்சுதல் ஒரு நாட்டார்க்கு மட்டும் உரிய குறையன்று போலும்!

படமெடுத்தவரின் மனம்

தம் பணியைக் குறித்து யாமஹாத்தா இருமுறை விரிவாக எண்ணிப் பார்த்தார். 1952இல் அவர் எழுதியதன் சாரம் இது: மனிதனின் நினைவு ஆண்டுதோறும் நழுவும், வாழ்க்கை மாற மாற, அன்று கண்டதைக் குறித்த தீர்ப்பும் மங்கும், கருவி பதிவு செய்தது மட்டுமே மாறாது நிற்கும். தம் நினைவையே நம்பாத ஒரு மனிதரின் கூற்று இது. நாகசாகியைக் கண்ணாரக் கண்டவர்க்கே நினைவு நழுவுமாயின், காணாதவர் நிலை யாது? நினைவைப் பேணும் சடங்கும் நாளும் மக்களுக்குத் தேவைப்படுவது இதனாலன்றோ!

பின்னொரு வேளையில் அவர் தம் மனக்குறையையும் மறைக்காது வெளியிட்டார். அன்று சூழ்ந்திருந்த துயரத்தினிடையே தாம் கலங்காது இருந்ததை அவர் ஒப்புக்கொண்டார். அது மன்னிக்கத்தகாத ஒன்றாக இருக்கலாம் எனவும், கண்ட கொடுமை உள்ளம் ஏற்கும் அளவைக் கடந்ததால் நேர்ந்திருக்கலாம் எனவும் எண்ணினார். தம்மைப் புகழவும் இல்லை. தமக்குச் சாக்குக் கூறி முடிக்கவும் இல்லை. படைத்துறையின் ஆணையால் நாகசாகிக்குச் சென்ற ஒருவர், அந்த நகரத்தின் சான்றாளராக மாறிய மாற்றம் இவ்வொப்புதலில் புலப்படுகின்றது.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 6. ஹிரோஷிமாவில் இருபதாம் ஆண்டு நினைவு நாள். அன்றே யாமஹாத்தாவின் நாற்பத்தெட்டாம் பிறந்தநாள். அன்று அவர் கடும் நோயுற்றார். முன்சிறுகுடலில் புற்று முற்றியிருப்பதை மருத்துவர் கண்டனர். நாகசாகியில் அன்று அவர் உடலில் ஏறிய கதிர்வீச்சே காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. 1966 ஏப்ரல் 18ஆம் நாள் அவர் மறைந்தார். தோக்கியோவின் தாமா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிறந்தநாளைக் கொண்டாட வேண்டிய குடும்பத்திற்கு அந்நாளே உலகின் துயர நாளாகவும் தம் துயரின் தொடக்க நாளாகவும் ஆயிற்று.

தந்தை விட்டுச்சென்ற படச்சுருள்களை மகன் பேணினார். காலத்தால் பழுதுற்றவை செப்பனிடப்பட்டு, ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1995இல் சான்ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க், நாகசாகி ஆகிய மூன்று நகரங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சிங்கப்பூரில் பாட்டனார் மேற்கொண்ட தொழில், பேரன் கையில் ஒரு நினைவுக் கடனாக நிறைவேறியது.

நினைவு நாள்கள்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 9ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிடத்திற்கு நாகசாகி நகரம் அசைவற்று நிற்கும். சிற்பி செய்போ கித்தாமுரா வடித்து 1955இல் நிறுவப்பட்ட அமைதிச் சிலையின் முன்னே மக்கள் கூடுவர். அவ்வாண்டில் மறைந்த, குண்டு வீச்சிற்கு ஆளானோரின் பெயர்கள் ஏட்டில் சேர்க்கப்படும். பின்னர் நீர் படைக்கப்படும். தாகத்தால் தவித்து, நீர் நீர் என்று கேட்டவாறே இறந்தோர் பலர் ஆதலின் இச்சடங்கு அங்கே தனிச்சிறப்புப் பெற்றது. 1969இல் அமைக்கப்பட்ட அமைதி நீரூற்றும் அவர்களுக்கே உரியது. எள்ளும் நீரும் இறைத்துத் தென்புலத்தாரின் தாகம் தீர்க்கும் தமிழர்க்கு இச்சடங்கின் பொருள் விளக்காமலே விளங்கும்.

ஆறு நாள் கழித்து, ஆகஸ்டு 15ஆம் நாள் மாலை, அந்நகரின் தெருக்களில் முன்னோரை வழியனுப்பும் ஓடங்கள் இழுத்துச் செல்லப்படும். அவ்வாண்டில் ஒருவரை இழந்த குடும்பத்தார் ஓடம் ஒன்றைச் சமைத்து, இறந்தவரின் படத்தை அதன் முகப்பில் வைத்து, வெடி முழங்க நடப்பர். இது அணுகுண்டிற்கு முந்திய பழமையான வழக்கம். நகரம் எரிந்தபின்னும் அவ்வழக்கம் எரியவில்லை.

யாமஹாத்தாவின் படங்களும் இந்நினைவுக் கடனில் பங்கு கொண்டன. கருகிக் கிடந்த சிறுவனின் படம் பல்லாண்டுகள் பெயரற்ற ஒருவனின் படமாகவே இருந்து வந்தது. கண்காட்சி ஒன்றில் அதனைக் கண்ட முதிய சகோதரியர் இருவர், அன்று வீடு திரும்பாத தம் அண்ணனே அவர் என உணர்ந்தனர். 2016இல் அறிவியலார் முகத்தோற்றத்தை ஒப்பிட்டு, அவ்வாறிருக்கும் வாய்ப்பு மிகுதி என்றனர். எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பம் தன் பிள்ளையைக் கண்டடைந்தது. நடுகல்லில் பெயர் பொறித்தல் என்பது இதுவே.

படமில்லாதோர்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த மக்களுக்கு இவ்வரலாற்றை எளிதில் கடந்து போக இயலாது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய படை, யாமஹாத்தா பணிபுரிந்த ஜப்பானியப் படையே. அதன் ஆட்சியில் சீன மக்கள் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் பர்மா மரண இரயில் பாதைக்கு இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட ஆசியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். தோட்டப்புறத் தமிழர் அவருள் பெருந்தொகையினர். ஜப்பான் சரணடைந்த செய்தி இங்கே விடுதலைச் செய்தியாகவே வந்தது. அச்செய்திக்குப் பின்னால் நாகசாகிச் சிறுவனின் கையில் ஒரு சோற்று உருண்டை இருந்ததை அன்று இங்கு அறிந்தார் இலர். அறிந்திருப்பினும், கணவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த தோட்டப் பெண்ணுக்குப் பிறர் துயரை எண்ண ஏது நேரம்?

அப்பெண்ணின் நிலையை இங்கு எண்ணுதல் தகும். சயாமுக்குப் போன தொழிலாளருள் பலர் ஒருநாளும் படப்பிடிப்பு நிலையத்தின் படியேறியவர் அல்லர். அவர் மாண்ட நாளும் வீட்டார்க்குத் தெரியாது. நாள் தெரியாதபோது திதி ஏது? ஆடி அமாவாசையும் தை அமாவாசையுமே அவர்க்கு நினைவு நாள்களாயின. படம் இல்லாத இடத்தில் ஒரு குத்துவிளக்கே அவர் உருவாயிற்று. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர்க்கற்கள் இல்லை. 2023ஆம் ஆண்டிலேதான் அங்கே அவர்கள் நினைவாக நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. சிங்கப்பூரிலோ, போரில் மாண்ட பொதுமக்களுக்காக 1967 பிப்ரவரி 15இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் நான்கு தூண்கள் இன வேற்றுமையின்றி அனைவரையும் ஒருங்கே நினைவூட்டுகின்றன. ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே அஞ்சலி செலுத்தப்படுகிறது.

நாகசாகியிலும் விடுபட்டோர் இருந்தனர். கட்டாய வேலைக்காகக் கொண்டுவரப்பட்டு அங்கே மாண்ட கொரியருக்குத் தனி நினைவுக்கல் 1979இல்தான் நிறுவப்பட்டது. எந்நாட்டிலும் எளியவர்க்குக் கல் பிந்தியே கிடைக்கின்றது.

தம் துயரை மட்டும் நினைப்பது வஞ்சமாக முடியும். பிறர் துயரை மட்டும் பேசுவது தம் முன்னோரை மறப்பதாக முடியும். இரண்டையும் ஒருங்கே தாங்கும் வலிமையை வரலாற்றுக் கல்வி அளித்தல் வேண்டும். சயாம் காட்டில் கணவனை இழந்த தமிழ்த் தாயும், சோற்று உருண்டையுடன் நின்ற ஜப்பானியத் தாயும் ஒரே போரினால் வதைக்கப்பட்டவர்கள். முன்னவர்க்குப் படம் இல்லை. பின்னவர்க்குப் பெயர் வழங்கவில்லை. எனினும் இருவரையும் நினைவுகூரும் கடமை பின்வந்தோர்க்கு உண்டு.

யாமஹாத்தாவின் கையில் ஒரு கருவி இருந்தது. ஒரு பகல் கிடைத்தது. அதனைக் கொண்டு அவர் ஒரு நகரத்திற்கு நடுகல் நாட்டினார். மாணவர் ஒவ்வொருவர் இல்லத்திலும் ஒரு முதியவரோ, முதியவர் சொல்லிச் சென்ற ஒரு கதையோ இருக்கும். சயாமுக்குப் போன பாட்டனின் பெயர், புறப்பட்ட தோட்டத்தின் பெயர், அவர் வழியனுப்பப்பட்ட விதம் ஆகியவற்றை இன்று கேட்டு ஏட்டில் எழுதி வைத்தால் அதுவும் ஒரு நடுகல்லே. நினைவு நழுவும் இயல்பினது என்பதை நாகசாகியைக் கண்டவரே உரைத்துச் சென்றார். நழுவுமுன் எழுதுவது கற்றோர் கடன்.